பன்னிரண்டாவது திருத்தம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் வீடும் நிமிர்ந்துதான் நிற்கிறோம், வீட்டுக்கு மட்டும் கொஞ்சம் மூட்டுப்பிடிப்பு, இரண்டு நாள் மழைக்கே பின்கதவு உப்பிக்கொண்டு சாத்த மறுக்கிறது, தச்சர் இதோ வருகிறேன் அதோ வருகிறேன் என்று மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் அந்தக் குளிரில் ஒரு தும்மல்கூட இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். சின்னவளுக்கு முன்பல் விழுந்த படம் கிடைத்தது. பல் இல்லாமல் சிரிக்கும்போது அச்சாக உன் அப்பாவின் வாய், படத்தைச் சாப்பாட்டு மேஜையில் நிற்க வைத்திருக்கிறேன். என் இடது கண்ணில் புரை இன்னும் முற்றவில்லை, ஆறு மாதம் போகட்டும் என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார், அதற்காக நீ இப்போதே விடுமுறை கேட்டு யார் முன்னாலும் நிற்க வேண்டாம். மேல்வீட்டுத் தவளை டீச்சரும் நலம். எட்டாம் வகுப்பில் உங்களுக்குத் தவளையை அறுத்துக் காட்டிய அந்தக் கை இப்போது காரட் நறுக்கவே நடுங்குகிறது, நாக்கு மட்டும் நடுங்குவதாக இல்லை. உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டேன்.

அப்பாவைக் கொண்டுபோன அந்த மறதி நோயைப் பற்றிய உன் புத்தகத்தின் அச்சுப்பிரதி போன மாதம் ஏழாம் தேதி வந்து சேர்ந்தது. அச்சுக்குப் போகும் முன் ஒரு தடவை நீ பார்த்துவிட்டால் எனக்கு நிம்மதி அம்மா, சமர்ப்பணப் பக்கத்தையும் முன்னுரையையும் பார்த்தால் போதும், மற்றதெல்லாம் உனக்குக் கஷ்டம் என்று உள்ளே ஒரு சீட்டு வைத்திருந்தாய். முப்பத்தொரு வருடம் நீதிமன்றத்தில் சாட்சிகளின் வாக்குமூலங்களைத் தட்டச்சு செய்தவள் நான். கொலைக் கேஸில் ஒரு காற்புள்ளி இடம் மாறினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். பாதிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுப் பார்த்தேன் என்று சொல்ல என்னை எந்தக் கான்வென்ட் சிஸ்டரும் பழக்கவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கமும் படித்தேன், தினமும் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை, ஆங்கில அகராதியை வலப்பக்கமும் சிவப்புப் பென்சிலை இடப்பக்கமும் வைத்துக்கொண்டு. புரியாததை ஒரு தாளில் எழுதி நாலு மணிக்குத் தவளை டீச்சரைக் கீழே வரச் சொல்லி டீ கொடுத்துக் கேட்டேன். முதல் நாளே அவர் என் சிவப்புப் பென்சிலைப் பார்த்துவிட்டு, மகள் டாக்டர் பட்டம் வாங்கினதுக்குத் தாய் மார்க் போடுறாங்களா, இந்த வீட்டுல பொறந்தது அவ செஞ்ச பாவமா புண்ணியமா தெரியலையே என்றார். நான் சிரிக்கவில்லை, ஆனால் எனக்குப் பிடித்திருந்தது.

உன் எழுத்தில் எனக்கு முதலில் ஒரு குறை பட்டது. எதைச் சொன்னாலும் பின்னாலேயே ஒரு ‘இருக்கலாம்’ போடுகிறாய். இது காரணமாக இருக்கலாம், அது விளைவாக இருக்கலாம். நான்காம் அத்தியாயத்தில் மட்டும் நாற்பத்தொன்று, எண்ணி ஒவ்வொன்றையும் சுழித்து வைத்தேன். சொல்ல வந்ததைத் துணிந்து சொல்லத் தெரியாத பிள்ளையாகவா வளர்த்தோம் என்று வருத்தமாகக்கூட இருந்தது. டீச்சர் பார்த்துவிட்டு, அதெல்லாம் பயம் இல்லை, தெரிஞ்சது எவ்வளவோ அவ்வளவுதான் சொல்லணும்னு அவங்களுக்குச் சட்டம், அதுக்கு மேல சொன்னா அது பொய் என்றார். சாட்சிக் கூண்டிலும் அதேதான் சட்டம், எனக்கு உறைக்காமல் போனதுதான் ஆச்சரியம். நாற்பத்தொரு சுழியையும் ரப்பர் போட்டு அழித்தேன். சிவப்புப் பென்சில் சுத்தமாக அழியாது, அந்தப் பக்கங்கள் இளஞ்சிவப்பாக இருப்பது அதனால்தான், தண்ணீர் பட்டுவிட்டதோ என்று நினைக்காதே.

நீ எழுதியதில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன், தவறிருந்தால் ஓரத்தில் குறித்து அனுப்பு. உடம்பின் எடையில் மூளை ஐம்பதில் ஒரு பங்குதான், ஆனால் உடம்பு எரிக்கும் சர்க்கரையில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போய்விடுகிறது. சேர்த்துவைத்துச் சாப்பிடும் பழக்கம் அதற்குக் கிட்டத்தட்ட இல்லை, வந்ததை வந்த கையோடு எரித்தாக வேண்டும். இன்சுலின் என்றால் சர்க்கரை வியாதிக்காரர்கள் ஊசியில் போட்டுக்கொள்வது என்றுதான் நான் நினைத்திருந்தேன், அது மூளைக்குள்ளும் தூது போகிறது என்பது இந்த வயதில்தான் தெரிந்தது. செல்லின் சுவரில் அதை வாங்கிக்கொள்ள ஓர் ஏற்பி இருக்கிறது, ஏற்பி வாங்கியதை உள்ளே ஒரு புரதத்திடம் கொடுக்கிறது, அது அடுத்ததிடம், அது அதற்கும் அடுத்ததிடம், பள்ளிக்கூட அலுவலகத்திலிருந்து கிளம்பும் சுற்றறிக்கை வகுப்பு வகுப்பாகப் போய்க் கையெழுத்து வாங்குவதைப் போல. அல்சைமர் பிடித்த மூளையில் சுற்றறிக்கை வாசல்வரை வருகிறது, வாங்க வேண்டியவர் கை நீட்டுவதில்லை. அது வந்தால்தான் அடங்கியிருக்கும் ஒரு நொதி, கேட்பார் இல்லை என்று தெரிந்ததும் துள்ள ஆரம்பித்து, நரம்பு செல்லுக்குள் சாரம் கட்டிய மாதிரி நிற்கும் புரதத்தின் மேல் பாஸ்பேட்டை அள்ளி அள்ளி ஒட்டுகிறது, சாரம் முறுக்கிச் சிக்காகிவிடுகிறது. சர்க்கரை எரிவதும் குறைந்துபோகிறது. எங்கள் கான்வென்ட் விடுதியில் மணி அடிக்காமல் யாரும் ரொட்டியில் கை வைக்கக் கூடாது. ஒரு நாள் மணியின் நாக்கு கழன்று கோபுரத்துக்குள்ளேயே விழுந்துவிட்டது. கீழே நின்ற சிஸ்டருக்குக் காது மந்தம், அவர் பாட்டுக்குக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். நாங்கள் எண்பது பேர் தட்டுத்தட்டாக ரொட்டியைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் பசியோடு நின்றோம். உன் நான்காம் அத்தியாயத்தைப் படித்தபோது எனக்கு அந்த உணவுக்கூடம்தான் கண்ணுக்குள் வந்தது. டீச்சரிடம் சொன்னேன், முழுக்கச் சரியில்லை, ஆனா என் பிள்ளைங்க எழுதியிருந்தா பத்துக்கு ஏழு போட்டிருப்பேன் என்றார்.

அதோடு நின்றிருந்தால் இந்தக் கடிதம் இங்கேயே முடிந்திருக்கும். ஆறாம் அத்தியாயத்தில் நீ ஸ்கேன் படங்களைப் பற்றி எழுதியிருக்கிறாய். மறதி வெளியே தெரிவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே மூளையின் சில இடங்களில் சர்க்கரை எரிவது மங்கிவிடுகிறது என்றும், சில நோயாளிகளுக்கு அந்தக் காலத்திலேயே இனிப்பின் மேல் அடக்க முடியாத ஆசை வருகிறது, இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்றும். நான் அந்த வரியை டீச்சரிடம் வாசித்துக் காட்டினேன், சும்மா வாக்கிய அமைப்பைப் பற்றிக் கேட்கத்தான். அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே, சுத்தி அவ்வளவு சர்க்கரை ஓடுது, உள்ள வாங்கத் தெரியல, அப்ப மூளை என்ன பண்ணும், இன்னும் கொண்டா இன்னும் கொண்டான்னுதான் கேக்கும் என்றார். பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், “பாவம், உங்க வீட்டுக்காரர் எத்தனை வருஷம் பசியோட இருந்தாரோ” என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது, நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லி டீயைக்கூட முடிக்கவிடாமல் அவரை அனுப்பிவைத்தேன். பிறகு போய் மன்னிப்புக் கேட்டேன், அது வேறு விஷயம். உனக்குச் சொல்லாத ஒன்றை இப்போது சொல்ல வேண்டும். ஒரே மூச்சில் எழுதிவிடுகிறேன், நடுவில் நிறுத்தினால் மறுபடி எடுக்க மாட்டேன்.

நீ அங்கே போன இரண்டாம் வருடம் அப்பாவுக்கு ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, இனிப்பைக் குறையுங்கள் என்று குடும்ப டாக்டர் சொன்னார். அது உனக்குத் தெரியும். குறைக்க வேண்டிய அந்தச் சமயத்தில்தான் அவர் கூட்ட ஆரம்பித்தார். டீயில் மூன்று ஸ்பூன், நான் திரும்பினால் நாலாவது. ஜாம் பாட்டிலுக்குள் விரலை விட்டு வழித்துத் தின்றார். சட்டையைத் துவைக்கப் போட்டால் பையில் பிஸ்கட் தூள். உன் அப்பா யார் என்பதை நினைத்துக்கொண்டு இதைப் படி. எடை அளவு ஆய்வாளராக இருபத்தெட்டு வருடம் கடைகடையாக ஏறி இறங்கிய மனிதர், சோதனைக்குப் போன கடையில் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர், எடைக்கல்லை வெறும் கையால் தொட்டால் வியர்வையின் எடை ஏறும் என்று கைக்குட்டையால் எடுப்பவர், என் சமையலறைத் தராசையே வருடத்துக்கு ஒரு தடவை சோதித்து மனைவிக்கு விலக்கு இல்லை என்பார். அந்த மனிதர் என்னிடம் ஒளித்துத் தின்கிறாரே என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பண்ட அலமாரிக்குப் பூட்டு வாங்கினேன், சாவியைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். பூட்டியதைத் தவறு என்று நான் இன்றும் சொல்லவில்லை. டாக்டர் சொன்னதைத்தான் செய்தேன், இன்னும் நாலு ஸ்பூன் போட்டிருந்தாலும் அந்த மணி அடித்திருக்காது என்று உன் புத்தகமே சொல்கிறது. நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது.

ஒரு சனிக்கிழமை பகலில் முனைக்கடை மளிகைக்காரர் வந்து வாசலில் நின்றார். அவரை அப்பா ஒரு காலத்தில் எடை குறைத்ததற்காக இரண்டு தடவை கோர்ட்டுக்கு இழுத்திருக்கிறார். உள்ளே வாருங்கள் என்றேன், வரவில்லை. ரொம்பப் பணிவாகச் சொன்னார், ஐயா காலைல வந்தாரும்மா, மூட்டைல கையை விட்டு ஒரு பிடி சர்க்கரை அள்ளி வாயில போட்டுக்கிட்டுப் போயிட்டாரு, நாங்க ஒண்ணும் சொல்லல, பெரிய மனுஷர். படி இறங்கியவர் திரும்பிப் பார்த்து, “எடை போடாம எடுத்துட்டாரும்மா, அதான் கொஞ்சம் சங்கடமா இருந்துச்சு” என்றார். எதிர்வீட்டு ஜன்னலில் ஆள் நின்றது. எத்தனை வருடமாக அந்த வார்த்தையைச் சேர்த்துவைத்திருந்தாரோ. நான் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தேன். அப்பா செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், மீசையில் இன்னும் இரண்டு மூன்று வெள்ளைத் துகள் ஒட்டிக்கொண்டிருந்தது.

நான் கத்தவில்லை. கத்துவது எனக்குப் பழக்கமில்லை. உன் பழைய நோட்டு ஒன்று அலமாரியில் பாதி எழுதாமல் கிடந்தது, அதை எடுத்து, மேலே தேதி போட்டு, நான் சர்க்கரை எடுக்க மாட்டேன் என்று ஒரு வரி எழுதி, இதை ஐம்பது தடவை எழுதுங்கள் என்று அவர் முன்னால் வைத்தேன். விடுதியில் வரிசையில் பேசினால் எங்களுக்கு அதுதான் தண்டனை, அதில் நான் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்பது என் எண்ணம். எழுபது வயதுக்காரரிடம் கட்டிய மனைவி செய்கிற காரியமா என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. சண்டைக்கு வருவார், நோட்டைத் தூக்கி எறிவார் என்று காத்திருந்தேன். அவர் பேனா மூடியைக் கழற்றினார். வெட்கப்படுகிறார், நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டு துணி மடிக்கப் போனேன். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் அவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார், கையைக் கட்டிக்கொண்டார். “முடிச்சிட்டேன் டீச்சர், நான் வீட்டுக்குப் போகலாமா?” என்றார். என் கான்வென்ட் ஒழுங்கை அவர் கேலி செய்வது உனக்குத் தெரியும், கல்யாணமான நாளிலிருந்து மதர் உத்தரவு, மதர் உத்தரவு என்று ஏதாவது சொல்லிக்கொண்டேதான் இருப்பார். அன்றைக்கும் கேலிதான் என்று எடுத்துக்கொண்டேன். செய்த காரியத்துக்கு இந்தத் திமிர் வேறா என்று, “இன்னும் முப்பது எழுதுங்க” என்றேன். அவர் சரிங்க டீச்சர் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து எழுதினார். அவர் என்னை அடையாளம் தெரியாமல் பார்த்த முதல் நாள் அது. நான் எதிரே நின்றுகொண்டிருந்தேன், எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதை மட்டும் நீ மன்னிப்பாய், நோய் என்று யாருக்கும் தெரியாதே அம்மா என்று சொல்வாய். ஆனால் நான் எழுத வைத்தது தெரியாததால் இல்லை, மளிகைக்காரர் முன்னால் என் தலை குனிந்ததால். அந்த இரண்டையும் நீ கலக்கக் கூடாது.

நோட்டை அன்றே திருத்தினேன். முதல் பன்னிரண்டு வரி அவருடைய பழைய அறிக்கைகளில் இருக்குமே, அந்த முத்து முத்தான கையெழுத்து. பிறகு வரி மேலும் கீழும் அலைகிறது. முப்பதுக்கு மேல் சர்க்கரை காணாமல் போய் நான் எடுக்க மாட்டேன் என்று மட்டும் இருக்கிறது. நாற்பத்தைந்திலிருந்து ஒரு கிலோ, ஐநூறு, இருநூறு, நூறு, ஐம்பது என்று எடைக்கற்களின் வரிசையை எழுதிக்கொண்டு போயிருக்கிறார், பெட்டியில் அடுக்கும் அதே ஒழுங்கில். நான் அதன் பக்கத்தில் சிவப்பில் கோடு போட்டுக் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறேன். டாக்டர் நோய்க்குப் பெயர் வைத்தது அந்தத் தேதிக்கு இரண்டு வருடம் ஏழு மாதம் கழித்து. எப்போது ஆரம்பித்தது என்று அவர் கேட்டபோது ஆறு மாதமாக என்றேன். நீ ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போதெல்லாம் அவர் உன்னோடு நன்றாகத்தான் பேசினார், இல்லையா. ஒரு வருடம் நான் சீட்டில் எழுதிக் கொடுத்து அவர் வாசித்தார், சாப்பிட்டாயா என்று கேட்கவும், மழை பற்றிச் சொல்லவும், உடம்பைப் பார்த்துக்கொள் என்று முடிக்கவும் என்று. நீ கவலைப்படக் கூடாது என்று செய்தேன் என எனக்கே சொல்லிக்கொண்டேன். என் வீட்டில் ஒன்று கோணலாகப் போகிறது என்று உன்னிடம்கூடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

கடைசி வருடத்தில் பகல் முழுக்க நர்ஸ் அம்மா ஒருவர் வந்து பார்த்துக்கொண்டார், நீ வந்தபோது பார்த்திருக்கிறாய். அப்போது அவருக்கு எடை மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தது. எது பிடிக்கிறதோ கொடுங்கள், சர்க்கரையைப் பற்றி இனிமேல் யோசிக்க வேண்டாம், தெம்பு ஏறினால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நானே பூட்டைக் கழற்றிப் போட்டேன். நர்ஸ் அம்மா பாலில் நிறையச் சர்க்கரை கரைத்து ஸ்பூனால் ஊட்டப் போவார். அப்பாவுக்கு அதற்குள் உன் பெயர் போய், என் பெயர் போய், தண்ணீர் என்று கேட்கும் சொல்கூடப் போய்விட்டிருந்தது. இனிப்பு நாக்கில் பட்டதும் அவர் முகம் ஒரு நொடி மலரும், உடனே வாயை இறுக்கி மூடிக்கொண்டு என்னைப் பார்ப்பார். “எடுக்க மாட்டேன்” என்பார். தெளிவாக, ஒரு எழுத்து சிதையாமல். தினமும் அதுதான். ஐயா மாதிரி வாயைக் கட்டின மனுஷரை நான் பார்த்ததே இல்லம்மா என்று நர்ஸ் அம்மா சொன்னதை அன்றைக்கே உனக்குத் தொலைபேசியில் பெருமையாகச் சொன்னேன், கடைசிவரை உன் அப்பா ஒழுக்கத்தை விடவில்லை பார் என்று. நீ அந்தப் பக்கம் அழுதாய். எனக்கு அந்த வார்த்தை எங்கிருந்து வருகிறது என்று அப்போதே தெரியும், மகளே. புத்தகம் படித்துத் தெரிந்துகொண்டது இல்லை அது. எண்பது தடவை நான் எழுதச் சொன்னது. எல்லாச் சொல்லும் போன பிறகு நான் கொடுத்த சொல் மட்டும் நின்றது, அதை வைத்துக்கொண்டு அவர் பாலை மறுத்தார். நான் எவ்வளவோ கெஞ்சினேன், எடுத்துக்கொள்ளுங்கள், நான்தான் சொல்கிறேன் என்றேன். நான் சொல்லச் சொல்ல அவர் இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார். கடைசியில் நான் அறையை விட்டு வெளியே போய் நின்றால்தான் நாலு ஸ்பூனாவது உள்ளே போயிற்று. சாப்பாட்டு நேரத்தில் அம்மா ஏன் வராந்தாவில் நிற்கிறாய் என்று நீ கேட்டாய். காற்றுக்கு என்றேன்.

இனி திருத்தங்கள். மொத்தம் பன்னிரண்டு. முதல் ஒன்பதும் சின்னவை, விட்டுப்போன புள்ளி, இரண்டு தடவை வந்த ஒரு சொல், நூற்று நாற்பதாம் பக்கத்தில் படத்தின் எண் மாறியிருக்கிறது. பத்தாவது, முன்னுரையில் அப்பாவுக்கு அறிகுறி தொடங்கியதாக நீ போட்டிருக்கும் வருடம் தவறு, சரியான வருடத்தை எழுதியிருக்கிறேன், ஆதாரத்துக்கு நோட்டு இத்துடன் வருகிறது, அதை நீயே வைத்துக்கொள். பதினொன்றாவது, மொழி எல்லாம் போன பிறகும் என் தந்தையிடம் சுயக்கட்டுப்பாடு எஞ்சியிருந்திருக்கலாம் என்ற வாக்கியம். அதை எடுத்துவிடு, அது என்ன என்று இப்போது உனக்குத் தெரியும். பன்னிரண்டாவது சமர்ப்பணப் பக்கம். புத்தகம் முழுவதும் ஆங்கிலம், அந்த ஒரு வரியை மட்டும் எனக்காகத் தமிழில் வைத்திருக்கிறாய். ‘அப்பாவை ஒரு நாளும் ஒரு கடுஞ்சொல் சொல்லாமல் பார்த்துக்கொண்ட என் அம்மாவுக்கு.’ முதல் நாள் அதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், டீச்சருக்குக்கூடக் காட்டினேன். இந்த இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் நீ ‘இருக்கலாம்’ போடாமல் துணிந்து சொன்ன வாக்கியம் அது ஒன்றுதான், அதுதான் பொய். சிவப்புக் கோடு போட்டு அடித்திருக்கிறேன். அந்த இடத்தில் என்ன வர வேண்டும் என்று நான் எழுதவில்லை, திருத்துகிறவள் அதைச் செய்யக் கூடாது. வெற்றுப் பக்கமாக விட்டாலும் சரி. எனக்கு வருத்தமாக இருக்கும் என்று நினைத்து விட்டுவைக்காதே, அந்த வரியோடு புத்தகம் வெளிவந்தால் என்னால் அதை இந்த வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது.

ஒரு கேள்வி மட்டும் கேட்க வேண்டும். டீச்சரிடம் கேட்கவில்லை, டாக்டரிடமும் கேட்கவில்லை, நீ அந்த வேலையிலேயே இருக்கிறவள் என்பதால் உன்னிடம் கேட்கிறேன். அந்த செல்கள் பசித்துக் கிடந்தன என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பசி அவருக்குத் தெரிந்திருக்குமா? நமக்கு வயிறு காய்ந்தால் தெரிகிற மாதிரி அவருக்கு அது பசியாகத் தெரிந்ததா, அல்லது என்னவென்றே தெரியாமல் கை மட்டும் சர்க்கரையைத் தேடிப் போனதா? மூட்டையில் கையை விட்ட நேரத்தில் அவருக்கு எப்படி இருந்திருக்கும்? என்னைத் தேற்றுவதற்காக எதையும் எழுதாதே. யாருக்கும் தெரியாது என்றால் யாருக்கும் தெரியாது என்று எழுது, அதை நான் தாங்கிக்கொள்வேன்.

நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுளோடும் ஒருவர் மேல் ஒருவர் பொறுமையோடும் இருக்க வேண்டும். சின்னவள் உன்னிடம் பயமில்லாமல் வளர வேண்டும், என் ஆசீர்வாதமெல்லாம் அவள் தலைமேல். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடு, போட்ட பிறகு அரை மணி நேரமாவது காபியைத் தொடாதே. அச்சுப்பிரதி இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதிக்குள் அச்சகத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று எழுதியிருந்தாய், மறந்துவிடாதே. இந்த ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட வேண்டாம், அடுத்த ஞாயிறும் வேண்டாம். கூப்பிட்டால் நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிவிடுவேன், நீயும் பரவாயில்லை அம்மா என்று சொல்லிவிடுவாய். கோபம் வந்தால் கோபத்தோடேயே உட்கார்ந்து எழுது, எவ்வளவு நாள் ஆனாலும் தபாலுக்குக் காத்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா